மழைக்கு ஒதுங்கியவள்

மூக்குக்கண்ணாடிக் கடையை ஒட்டியிருக்கும் குறுகலான படிக்கட்டில் ஏறினால், மாடியில் அந்த ஸ்டுடியோ. பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டு, பாஸ்போர்ட் அளவில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று வந்து நிற்பவர்கள் அவ்வப்போது உண்டு. அவர்களுக்கு விளக்கம் சொல்லி அனுப்புவது கதைக்காரியின் பொறுப்பு. "இங்க படமும் எடுப்போம், ஆனா கதையோடதான் எடுப்போம்" என்பாள். வந்தவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்து, "எனக்குக் கதை வேண்டாம்மா, படம் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள்.

கதைக்காரி என்ற பெயர் அவள் வேலையால் வந்தது. சட்டையோ கைப்பையோ செருப்போ, எதைத் தயாரித்தாலும் வெறும் விளம்பரத்தால் விற்காது, அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்க வேண்டும் என்று நம்பும் கம்பெனிகள் அந்த ஸ்டுடியோவைத் தேடி வரும். அவள் கதை எழுதுவாள். கேமராக்காரி அதற்குப் படம் எடுப்பாள். இரண்டையும் கையில் வாங்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, "எல்லாம் சரி, இதுல உயிர் எங்க?" என்று கேட்பது முதலாளியின் வேலை. பொத்தானுக்கு எழுதிய இரண்டு வரியிலும் அவர் உயிரைத் தேடியிருக்கிறார். காலுறைப் பெட்டியின் மூடியிலும் தேடியிருக்கிறார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'உயிர்' என்றே பெயர். ஒரு சாயங்காலம், "உயிர் போயிடுச்சு, விளக்கை அணைச்சிரலாம்" என்று கேமராக்காரி சொன்னது காதில் விழுந்து, படியேறி வந்த கூரியர்காரர் பார்சலை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்.

கதைக்காரியின் கணவன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்க்கும் பிரிவில் இருந்தான். "பகல் முழுக்க ஊரே என்கிட்ட கதை விடுது. வீட்டுக்கு வந்தா பொண்டாட்டி கதை விட்டுச் சம்பளம் வாங்கிட்டு வந்திருக்கா" என்று அலுத்துக்கொள்வான். அவளுக்கு அதில் கோபம் இல்லை. நடக்காததை எழுதினாலும் அது யாரையும் ஏமாற்றுவதாக இருக்கக் கூடாது என்று அவளுக்குள் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டை அதுவரை தாண்டியதில்லை என்றும் நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மழைக்கோட்டுக் கம்பெனி வந்தது.

வந்தவர் கம்பெனியின் சின்னவர். அப்பா ஆரம்பித்த தொழில். போலீஸ்காரர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கறுப்பிலும் காக்கியிலும் மழைக்கோட்டு போட்டுக்கொடுத்தே இத்தனை வருஷம் ஓடியிருந்தது. சின்னவருக்கு அது போதவில்லை. இடுப்பில் பெல்ட் வைத்து, காலர் தூக்கி, பளீரென்ற மஞ்சளில் பெண்களுக்கென்று ஒரு கோட்டு வடிவமைத்திருந்தார். "மழை பெய்யலன்னாலும் போட்டுக்கத் தோணணும். அதுக்கு ஒரு கதை வேணும்" என்றார்.

"கதை உங்க வீட்டுலயே இருக்கும். உங்க அப்பாகிட்ட இருக்கும்" என்றார் உயிர், பெரிய ரகசியத்தை உடைப்பதுபோல.

மறுநாள் கதைக்காரி பட்டறைக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி நெடி. நீளமான மேசைகளின் மேல் ரோல் ரோலாகத் துணி விரிந்து கிடந்தது. ஒரு மூலையில் பெரியவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தயாரான கோட்டுகளின் கைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். பேச்சு அதைவிட ஒல்லி.

"ஐயா, இந்தத் தொழிலை எப்படி ஆரம்பிச்சீங்க?"

"பிளாஸ்டிக்ல மேசை விரிப்பு போட்டேன். போகல."

"அப்புறம்?"

"மிச்சம் கெடந்த ரோல்ல மழைக்கோட்டு போட்டேன். போச்சு."

கதைக்காரி விடவில்லை. "அந்த முடிவை எடுத்தப்போ உங்க மனசுல என்ன ஓடுச்சு?"

பெரியவர் உண்மையாகவே யோசித்தார். ஒரு கோட்டின் கையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "குடோன்ல இடம் இல்ல."

திரும்பி வந்து இதைச் சொன்னபோது உயிர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இது கதை இல்லம்மா. இது குடோன் காலி பண்ணின தகவல். நீ ஒண்ணு எழுது."

அவள் எழுதினாள். நல்ல மழை. ஒரு சின்னக் கடை. மேசை விரிப்பு விற்கும் இளைஞன். கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி ஒரு பெண் நிற்கிறாள். வேலைக்கான நேர்காணலுக்குப் போக வேண்டும். மழை நிற்கிறபாடாக இல்லை. கையில் இருக்கும் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி கடைக்குள் பார்க்கிறாள். மஞ்சள் நிற மேசை விரிப்பு கண்ணில் படுகிறது. "இதுல எனக்கு ஒரு கோட்டு தைச்சுத் தர முடியுமா?" என்று கேட்கிறாள். அவன் அங்கேயே வெட்டித் தைத்துக் கொடுக்கிறான். அவள் அதைப் போட்டுக்கொண்டு மழைக்குள் நடந்து போகிறாள். பெயர்கூடச் சொல்லவில்லை. கடைசியில் ஒரே வரி: 'மழை நிற்கக் காத்திருக்காதவள்.'

எழுதி முடித்ததும் அவளுக்கே அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் யாரையும் ஏமாற்றக் கூடாது என்ற அந்தக் கோடு நினைவுக்கு வர, "கீழே கற்பனைன்னு சின்னதா போட்டுடலாம்" என்று சின்னவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். அவரும் தலையாட்டினார்.

கம்பெனி அறையில் வைத்து அதைப் படித்துக்காட்டினாள். சின்னவர், உயிர், பெரியவர் மூன்று பேரும் எதிரே. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூட இருந்தது. கோபித்துக்கொள்வாரோ என்று கதைக்காரி ஒரு கண்ணை அவர் மேலேயே வைத்துப் படித்தாள். நடக்காத ஒன்றை ஒரு மனிதரின் வாழ்க்கையில் கொண்டுபோய் வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

படித்து முடித்தாள். பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"தைச்சேன்னு போட்டிருக்கீங்க. தைச்சா ஊசி ஓட்டை வழியா தண்ணி உள்ள போயிடும். ஒட்டணும். சூடு வெச்சு ஒட்டணும்."

"மாத்திடறேன் ஐயா."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து கண்ணை எடுக்காமலே மெதுவாகச் சொன்னார். "அப்புறம்... மஞ்சள் இல்ல. பச்சை."

சின்னவர் திரும்பி அவரைப் பார்த்தார்.

"எது பச்சை, அப்பா?" என்றார் சின்னவர்.

"அந்தப் பொண்ணு போட்டுட்டுப் போனது."

கதைக்காரி திருதிருவென்று விழித்தாள். உயிர் மேசைக்கு அடியில் அவள் காலை மெல்ல மிதித்தார், பேசாதே என்று. "அப்பா, மஞ்சள்ல ஏற்கனவே நிறைய போட்டாச்சே" என்று சின்னவர் காரியத்துக்கு வந்தார். மனசே இல்லாமல் பெரியவர் விட்டுக்கொடுத்தார். "சரி, மஞ்சளாவே போட்டுக்கோ. ஆனா பச்சைதான்."

படியிறங்கும்போது உயிரின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. "பாத்தியா? உயிர் வந்துடுச்சு!"

"சார், அது நான் எழுதினது. அப்படி ஒருத்தி இல்லவே இல்ல."

"நீ எழுதறதுக்கு முன்னாடியே அவருக்கு நடந்திருக்கலாம்ல? அவருக்கே ஞாபகம் வந்தப்புறம் கற்பனைன்னு எப்படிப் போடறது? அவரை அவமானப்படுத்தற மாதிரி ஆயிடாது?"

அவள் மீதிப் படிகளை இறங்கினாள். 'கற்பனை' என்ற சின்ன வரி அப்படித்தான் காணாமல் போயிற்று.

படப்பிடிப்பு ஒரு பழைய கடைத்தெருவில். மழை வராத நாளாகப் பார்த்து ஏற்பாடு செய்து, வாடகைக்கு மழை வரவழைத்திருந்தார்கள். தண்ணீர் லாரியின் குழாயை ஒருவர் மேலே தூக்கிப் பிடிக்க, மஞ்சள் கோட்டுக்காரப் பெண் கீழே நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். கேமராக்காரி, "சிரிக்காதம்மா, யோசி, யோசி" என்று கத்திக்கொண்டிருந்தாள். யாரும் அழைக்காமலேயே பெரியவர் குடையோடு வந்து நின்றார். பார்த்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேமராவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"அவ இப்படி விறைப்பா நிக்கல. லேசா சாய்ஞ்சு நின்னா. ஒரு காலை செவுத்துல ஊனிக்கிட்டு."

அவரே சாய்ந்து நின்று காட்டினார். பளிச்சென்று ஷேவ் செய்த அந்த ஒல்லி முகத்தில் இருபது வயது வந்து உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது. அந்தப் பெண் அப்படியே நின்றாள். படம் பிரமாதமாக வந்தது. இடைவேளையில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அந்தப் பெண் கதைக்காரியிடம் கேட்டாள். "அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க? இந்தப் படத்தையெல்லாம் பாத்தா சந்தோஷப்படுவாங்க இல்ல?"

"தெரியலையே" என்றாள் கதைக்காரி. அது பொய்யும் இல்லை.

அறிமுக விழா ஒரு ஹோட்டலின் சின்ன மண்டபத்தில். சுவரெல்லாம் மஞ்சள் கோட்டு. பெரியவரை மேடையேற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலு வார்த்தைக்கு மேல் அவருக்கு வராது என்று நினைத்துத்தான் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. கதைக்காரி எழுதிக்கொடுத்த எலும்புக்கூட்டுக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தார். அந்தப் பெண்ணுக்குக் கன்னத்தில் குழி விழும் என்றார். குரல் கொஞ்சம் கரகரப்பு என்றார். கோட்டின் சூடு ஆறுவதற்கு முன்பே எடுத்து மாட்டிக்கொண்டாள் என்றார். "தெருமுனை வரைக்கும் போனா. போயி... திரும்பி ஒரு தடவை பாத்தா" என்று நிறுத்தினார். மண்டபம் கைதட்டியது. கேமராக்காரி மூக்கை உறிஞ்சினாள். உயிருக்குக் கண் கலங்கியே விட்டது.

முதல் வரிசையில் பெரியவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். பல வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உறவினர்கள் அவரை எக்ஸ்சேஞ்ச் அம்மா என்றுதான் சொல்வார்கள். அவர் கைதட்டவில்லை. கைப்பையை மடியில் இருந்து எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். அது கணவர் வந்து உட்கார வேண்டிய நாற்காலி.

கோட்டு நன்றாகப் போயிற்று. கடைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இரண்டு வாரம் கழித்து சின்னவர் ஸ்டுடியோவுக்கு வந்தபோது, இனிப்புப் பெட்டியோடு வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வெறுங்கையோடும் வெளிறிய முகத்தோடும் வந்தார்.

"வீட்டுல அம்மா அப்பாகிட்ட பேசறதே இல்ல. 'உங்க அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்னு சொல்லு'ன்னு என்கிட்ட சொல்றாங்க. அவர் பக்கத்துலயேதான் உக்காந்திருக்காரு. இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லாம மறைச்சிட்டாராம். நான் சொன்னா அப்பாவுக்குப் பரிஞ்சு பேசறேன்னு நெனைப்பாங்க. நீங்க வந்து இது நீங்க எழுதினதுன்னு சொல்லிடுங்க."

உயிர் தொண்டையைச் செருமினார். கிளையன்ட்டின் குடும்பச் சண்டை ஒப்பந்தத்தில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், சின்னவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கதை எழுதினவ போய்ட்டு வருவா" என்று கதைக்காரியின் தலையில் கட்டினார்.

அன்றைக்குப் பிற்பகலே போனாள். வழி முழுக்க என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வீட்டு கேட்டுக்குள் பெரியவர் காத்திருந்தார். கையில் தோட்டத்துக் கத்தரி. எதிரே செடி ஏற்கனவே மொட்டையாகியிருந்தது.

"உள்ள போயி உண்மையைச் சொல்லப் போறியாம்மா?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆமா ஐயா. அப்படி ஒருத்தி இல்லன்னு உங்களுக்கும் தெரியும்தானே?"

"தெரியாம என்ன?" என்றார். கத்தரியை இரண்டு தடவை சும்மா வெட்டினார். "நீ படிச்சப்போ எனக்கு ஒண்ணு தோணுச்சு. எனக்கும் இப்படி ஒண்ணு நடந்திருக்கலாமேன்னு. அவ்வளவுதான். அப்புறம் மேடையில ஏறினதும் தானா வந்துச்சு. ஆனா சொல்லாத. இப்ப சொல்லாத."

"ஏன் ஐயா? அம்மா கோவமா இருக்காங்களாமே?"

"அதான்!" என்றார் பெரியவர். அவர் காது சிவந்தது. "கல்யாணமான நாள்லேர்ந்து அவளுக்கு என்மேல சந்தேகமே வந்ததில்லம்மா. எவ்வளவு லேட்டா வந்தாலும், 'வேலை இருந்திருக்கும்'னு தூங்கிடுவா. என்னை எவ பாப்பான்னு ஒரு தைரியம். இப்பதான் மொத மொதல்ல..." முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை.

கதைக்காரி தலையை ஆட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாமல் உள்ளே போனாள்.

எக்ஸ்சேஞ்ச் அம்மா கூடத்தில், நிமிர்ந்த முதுகோடு சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பழைய தொலைபேசி, வேலை செய்யாதது, துடைத்து வைத்திருந்தது. "வாம்மா, உக்காரு. நீதான் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தவளா?" என்றார்.

போட்டுவைத்திருந்த திட்டம் எல்லாம் கதைக்காரிக்கு மறந்துபோயிற்று. எதிரே இருந்தவர் கேட்கிற விதம் அப்படி. பேசுகிறவரின் முகத்தைப் பார்க்காமல், காதை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிக் கேட்டார். பொய் சொன்னால் மணியடிக்கும் என்பதுபோல இருந்தது. "அம்மா, அது நான் எழுதின கதை. அவர் மேல தப்பே இல்ல" என்று கடகடவென்று கொட்டிவிட்டாள்.

"தெரியும்" என்றார் அவர்.

"தெரியுமா?"

"மழைக்கு ஒதுங்கினாளாம். அந்தக் கடை வாசல்ல கூரையே கிடையாது. மழை பெஞ்சா நாங்கதான் எதிர்க் கடையில போய் ஒதுங்குவோம். அப்புறம் இந்த மனுஷன் முன்னப்பின்ன தெரியாத பொண்ணுகிட்ட பேசினாராம்! கல்யாணமாகி என்கிட்ட முழுசா ஒரு வாக்கியம் பேசவே மாசக்கணக்கு ஆச்சு. 'ம்'னா ஒரு அர்த்தம், 'ம்ம்'னா ஒரு அர்த்தம். அதையும் நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

"அப்படின்னா ஏம்மா பேசாம இருக்கீங்க?"

அவர் எழுந்து ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். வெளியே பெரியவர் அந்த மொட்டைச் செடியை இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார். திரையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இந்த ரெண்டு வாரமா காலையில டீ அவர்தான் போடறாரு. சர்க்கரை போட மறந்துடறாரு, அது வேற விஷயம். சாயங்காலம் ஆனா வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு நிக்கறாரு. 'நடந்துட்டு வரலாமா'ன்னு சுவத்தைப் பாத்துக் கேக்கறாரு. நானும் சுவத்துக்குப் பதில் சொல்லிட்டுக் கூடப் போறேன். நேத்து பூங்கா பெஞ்சுல உக்காந்து எனக்கு என்ன கலர் பிடிக்கும்னு கேட்டாரு. கேட்டது தெரியுமா உனக்கு? இத்தனை வருஷத்துல அவர் கலர் கேட்டதெல்லாம் துணி வியாபாரிகிட்டதான்." அவர் கதைக்காரியின் கையைத் தட்டினார். "அவ இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். உனக்கு என்ன நஷ்டம்?"

வீட்டுக்கு வந்து கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எங்க ஆபீஸ்ல பொய் சொல்றவங்க மாட்டிக்குவாங்க. உங்க ஆபீஸ்லதான் எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தாலும் உள்ளே ஒரு முள் இருந்தது. தான் உண்டாக்கிய ஒருத்தி இப்படிப் பிறர் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டிருக்க, வெளியே படம் பார்க்கிற ஊராரும் அவளை நிஜம் என்றல்லவா நினைக்கிறார்கள். பெரியவரிடமும் அம்மாவிடமும் வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று. சின்னவர் போன் செய்யும்போதெல்லாம், "கொஞ்சம் டைம் கொடுங்க, சரியாயிடும்" என்று பூசி மெழுகினாள்.

ஆனால் சின்னவர் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளால் சும்மா இருக்க முடிவதில்லை. அடுத்த பருவத்துக்கான பேச்சுவார்த்தைக்கு அப்பாவையும் அம்மாவையும் சேர்த்தே ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்தார். எக்ஸ்சேஞ்ச் அம்மா படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கணவர் இழுத்துப் போட்ட நாற்காலியை விட்டு வேறு நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவர் முகத்தில் அதற்கும் ஒரு சந்தோஷம். கதைக்காரி மட்டுமே அதைக் கவனித்தாள்.

உயிர் புதுத் திட்டத்தை விரிக்க ஆரம்பித்தபோது சின்னவர் கையை உயர்த்தினார். "அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்தப் பொண்ணை விளம்பரத்துலேர்ந்து நான் எடுத்துடறேன். எங்க வீட்டு நிம்மதியைவிட வியாபாரம் பெரிசு இல்ல."

"யாருடா உன்னை எடுக்கச் சொன்னது?" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா.

"அம்மா, உங்களுக்குப் புரியல. அப்படி ஒருத்தி கெடையவே கெடையாது. இவங்க உக்காந்து எழுதினது."

எல்லோரும் கதைக்காரியைப் பார்த்தார்கள். உயிர் மட்டும் கூரையில் மின்விசிறியைப் பார்த்தார். பெரியவர் முகம் தண்ணீர் வற்றிய மாதிரி ஆகிவிட்டது. மனைவியை ஏறிட்டுப் பார்க்கவே அவருக்குத் துணிவில்லை. கதைக்காரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இல்லன்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்றார் அம்மா, பிள்ளையிடம். "நீ அப்ப பிறக்கவே இல்ல."

"அதானே!" என்றார் பெரியவர், தப்பித்தேன் என்று.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கும்தான் தெரியாது." பல நாளுக்குப் பிறகு அவர் கணவரிடம் நேராகப் பேசிய வார்த்தை அது. "வாசல்ல கூரையே இல்லாத கடை. அதுல ஒருத்தி ஒதுங்கினாளாம். கன்னத்துல குழி வேற."

பெரியவர் வாயைத் திறந்து மூடினார். "அப்ப... உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு மண்டபத்துலயே தெரியும்."

"பின்ன ஏன் பேசாம இருந்தே?"

"பேசியிருந்தா சாயங்காலம் செருப்பை மாட்டிக்கிட்டு நின்னிருப்பீங்களா?"

பெரியவர் மேசை மேல் இருந்த மஞ்சள் கோட்டின் கையை எடுத்து, பட்டறையில் செய்வதுபோல இழுத்துப் பார்த்தார். பிறகு, அத்தனை பேர் இருப்பதையும் மறந்து, அவருக்கு வழக்கமே இல்லாத ஒரு முழு வாக்கியத்தைச் சொன்னார். "என்னையும் ஒருத்தி திரும்பிப் பாத்திருப்பான்னு நீ நெனச்சிட்டேன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு."

"நான்தான் பாத்தேனே. போதாதா?" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா. சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது. கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். அதில் தேடுவதற்கு ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

உயிர் துள்ளிக்கொண்டு கேமராக்காரியைப் பார்த்துக் கண்ணால் சைகை காட்டினார், எடு எடு என்று. அவள் கேமராவின் மூடியை எடுத்து நிதானமாக லென்ஸில் பொருத்திவிட்டு, ஜன்னல் வழியே தெருவைப் பார்க்க ஆரம்பித்தாள். அந்த ஸ்டுடியோவில் அவர் சொன்னதை யாரும் அவ்வளவு வெளிப்படையாக மறுத்ததில்லை. அவரும் ஏனோ அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

சின்னவர்தான் பாவம், நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "அப்ப நான் என்னதான் பண்றது? இருக்கட்டுமா, எடுத்துடவா?"

"இருக்கட்டும்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கதைக்காரி அந்தச் சமயத்தை விடவில்லை. "இருக்கட்டும். ஆனா கீழ கற்பனைன்னு போட்டே ஆகணும். மொதல்லயே போட்டிருக்கணும். நான்தான் விட்டுட்டேன்" என்றாள். உயிர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார்.

"போடச் சொல்லுங்க சார்" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா. "எங்க அக்கா தினம் போன் பண்ணி, 'அவ வீட்டுக்கு வந்தாளாடி, வந்தாளாடி'ன்னு துக்கம் விசாரிக்கற மாதிரி விசாரிக்கறா. எனக்குப் பதில் சொல்லி மாளல."

அப்படியாக அந்த வரி எல்லாச் சுவரொட்டியிலும் ஏறியது. கோட்டின் விற்பனை அதனால் குறைந்துவிடும் என்று உயிர் கவலைப்பட்டார். குறையவில்லை. வாங்க வந்த பெண்களில் பாதிப் பேர், "கற்பனையாம்" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை நின்று படித்தார்கள் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள்.

சின்னவர் வீட்டில் பேச்சு மறுபடி ஆரம்பித்தது. சண்டையும் ஆரம்பித்தது. டீயில் சர்க்கரை போடாததற்கு இப்போது நேராகவே திட்டு விழுந்தது. சாயங்கால நடை மட்டும் நிற்கவில்லை. வழக்கம் என்று வந்த பிறகு நிறுத்துவதற்கு இருவரிடமும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. ஒரு நாள் பேருந்தில் போகும்போது கதைக்காரி அவர்களைப் பூங்கா வாசலில் பார்த்தாள். அம்மா நாலடி முன்னால் போய்க்கொண்டே எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் பின்னால் வந்துகொண்டு, "ம்" சொல்லிக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து அந்த "ம்" காதில் விழாது. ஆனாலும் தலையசைப்பில் அது தெரிந்தது.

அடுத்த மாதம் ஸ்டுடியோவுக்குக் குழந்தைத் துணி தயாரிக்கும் ஒருவர் வந்தார். பருமனான, கலகலப்பான மனிதர். தன் கம்பெனிக்கு ஒரு கதை வேண்டும், ஆரம்பத்தைப் பற்றி அழகாக ஒன்று எழுத வேண்டும் என்றார். உயிர் வழக்கம்போல முன்னால் சாய்ந்து, "கதை உங்ககிட்டயே இருக்கும்" என்று தொடங்கினார்.

கதைக்காரி பேனாவை எடுத்தாள். எழுதுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சார், அடுத்த மீட்டிங்குக்கு உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வர முடியுமா?"